கடைக்குட்டியிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

அமெரிக்காவில் கிழக்கிலிருந்து மேற்கே குடிபெயர்ந்த மூதாதையரின் தடத்தைத் தேடுகிறவர்கள் பலரும் முதலில் பழைய சாலை வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். பிள்ளைகள் எங்கெங்கே பிறந்தார்கள் என்று முதலில் பாருங்கள். சாலையை அப்புறம் தேடலாம்.

அதற்கு 1850 சென்சஸ்தான் பிடிமானம். அதற்கு முந்தைய கணக்குகளில் பெரும்பாலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். 1850இல்தான் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் நீங்கலாக எல்லோருடைய பெயர், வயது, பிறந்த மாநிலம் வருகிறது. மூத்தவனுக்கு 14, வர்ஜீனியா. அடுத்தவளுக்கு 11, கென்டக்கி. கடைக்குட்டிக்கு 6, இண்டியானா என்று வைத்துக்கொள்வோம். வயது ஜூன் 1 நிலவரப்படி. ஆக, கென்டக்கிக்கு வந்தது 1835 நடுவுக்கும் 1839 நடுவுக்கும் இடையில். இண்டியானாவுக்கு 1844 நடுவுக்குள். சொன்ன வயது ஒன்றிரண்டு முன்பின் இருக்கும் என்பதால் 1860 கணக்கோடும் ஒத்துப்பாருங்கள். 'வர்ஜீனியா' என்றிருப்பது இன்றைய மேற்கு வர்ஜீனியாவாகவும் இருக்கலாம்; அது பிரிந்தது 1863இல்தான்.

காலம் பிடிபட்டால் பொருந்தாத வழிகள் தாமே கழன்றுவிடும். அப்பலாச்சியன் மலையைக் கடந்து கென்டக்கிக்குள் இறங்கும் கம்பர்லேண்ட் கணவாய் வழியை எல்லைப்புற வழிகாட்டி டேனியல் பூன் 1775இல் வெட்டினார். ஆனால் 1796 வரை அது பொதிகுதிரைப் பாதைதான். 1785இல் வண்டி கட்டி அந்த வழியாக வந்தார்கள் என்று குடும்பக் கதை சொன்னால் நம்பாதீர்கள். நியூயார்க் மாநிலத்தின் ஈரி கால்வாய் முழுதாகத் திறந்தது 1825இல். மேரிலாந்தின் கம்பர்லேண்ட் ஊரில் (கணவாய் அல்ல) தொடங்கிய தேசியச் சாலை 1818இல் ஒஹையோ ஆற்றங்கரை ஊரான வீலிங்கைத் தொட்டது. அங்கிருந்து ஆற்றில் படகு.

ஆள் எந்த ஊரிலிருந்து கிளம்பினார் என்பதற்கு கிரயப் பத்திரத்தை மிஞ்சிய ஆதாரம் கிடையாது என்பேன். நிலத்தை விற்காமலே போய், பிறகு விற்றவர்கள் உண்டு. அப்போது பழைய கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பத்திரத்தில் விற்பவர் பெயருக்குப் பக்கத்திலேயே 'கென்டக்கி மாநிலம், ஷெல்பி கவுண்டியைச் சேர்ந்த' என்று புதிய இருப்பிடம் எழுதியிருக்கும். மனைவி கையெழுத்திட்டிருந்தால் அவர் பெயரும் கிடைக்கும்.

மத்திய அரசின் நிலப் பட்டாவில் கவனம் தேவை. கென்டக்கியும் டென்னசியும் அந்த ஏற்பாட்டில் வராதவை. அங்கே மாநிலமே நிலம் வழங்கியது. பட்டா தேதி குடியேறிய தேதியும் அல்ல. பிரிட்டனோடு நடந்த 1812 போரின் வீரர்களுக்குக் கிடைத்த 160 ஏக்கர் நிலத்தைப் பலர் அந்த மண்ணை மிதிக்காமலே விற்றுவிட்டார்கள்.

தடம் அறுந்தால் சென்சஸ் தாளில் முன்னும் பின்னும் உள்ள பத்துப் பத்து வீடுகளை எழுதிக்கொள்ளுங்கள். மனைவியின் அண்ணன் தம்பிகள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினராக இருந்தால் சபை மாற்றுச் சான்றிதழில் புறப்பட்ட சபை, சேர்ந்த சபை இரண்டுமே இருக்கும்.