நான்காம் துளை ரீட்

சிகாகோவில் ஒரு சின்ன இசைக்கருவிக் கடையின் பின்னறையில் மவுத் ஆர்கன் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. 22 வருடமாகிறது. பத்துத் துளை, மூச்சுக் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய தகடுகளாக இருபது பித்தளை ரீட். ஊதினால் ஒலிப்பவை பத்து, மூச்சை உள்ளே இழுத்தால் ஒலிப்பவை பத்து. இந்த ஊரில் ப்ளூஸ் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசையை வாசிப்பவர்கள் நிறைய. அவர்கள் கொண்டுவரும் கருவியை மூடி திறக்காமலே எது போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் இழுக்கும் பக்கத்தில் நான்காம் துளை, இல்லையென்றால் ஐந்தாம் துளை.

சி சுருதிக் கருவியை எடுத்து ஜி சுருதியில் வாசிப்பது ப்ளூஸ்காரர்களின் வழக்கம். அப்போது பாட்டின் கனமெல்லாம் உள்ளிழுக்கும் மூச்சின் மேல் விழும். போதாததற்கு நாக்கையும் தொண்டையையும் மாற்றிப் பிடித்து ஸ்வரத்தைக் கீழே வளைப்பார்கள். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வளைவு உடனே பிடித்துப்போகும், எனக்கும் அப்படித்தான். ஆனால் பித்தளை தாங்க வேண்டுமே. ரீட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, முதலில் சுருதி இறங்கும். அப்புறம் ஒருநாள் சத்தமே வராது.

ப்ளூஸ் மவுத் ஆர்கன் கலைஞர் ஜேம்ஸ் காட்டன் பெயரை நான் முதலில் கேட்டது இந்த மேசையில்தான். ஒரே ராத்திரியில் ரீட்டையே உறிஞ்சி எடுத்துவிடும் ஆள் என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் சொன்னார். காட்டன் 1935-இல் மிசிசிப்பியின் டுனிகாவில், பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர். கோழி கொக்கரிப்பதையும் ரயில் போவதையும் மவுத் ஆர்கனில் வாசித்துக் காட்டியது அவருடைய அம்மா. சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தார். ஆர்கன்சாவின் ஹெலினா வானொலியில் வாசித்துக்கொண்டிருந்த இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சனிடம் மாமா கொண்டுபோய்ச் சேர்த்தார். கூடவே தங்கிக் கற்றுக்கொண்டார், நம் பக்கத்துக் குருகுலம் மாதிரி. 1954 கடைசியில் சிகாகோவின் பெரிய ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே ஏறக்குறைய 12 வருடம். 1960 நியூபோர்ட் ஜாஸ் இசை விழாப் படத்தில், பாட்டின் நடுவே மடி அவரைக் கட்டிப்பிடித்து மேடையில் ஆடுவார். அந்தத் துண்டை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

1966-இல் சொந்தக் குழு அமைத்தார், தானே பாடினார். 1990-களின் நடுவில் தொண்டையில் புற்றுநோய், அறுவை சிகிச்சை. பாடும் குரல் பெரும்பாலும் போய்விட்டது. மூச்சு மட்டும் மிஞ்சியது.

'காட்டன் மவுத் மேன்' ஆல்பம் 2013-இல், அவருடைய 77-ஆம் வயதில் வந்தது. வெளியிட்டது சிகாகோவின் அலிகேட்டர் நிறுவனம், தயாரித்து டிரம்ஸும் வாசித்தவர் டாம் ஹாம்பிரிட்ஜ். வந்த வாரமே வாங்கிக் கேட்டேன், ஏமாந்துபோனேன். 13 பாட்டு, கிரெக் ஆல்மன், கெப் மோ, வாரன் ஹெய்ன்ஸ், ரூத்தி ஃபாஸ்டர் என்று பல விருந்தாளிகள். காட்டன் பாடுவது கடைசிப் பாட்டு ஒன்றுதான். பெரிய மனிதரின் பெயரைப் போட்டு ஊர்க்கூட்டம் பாடியிருக்கிறது என்று நினைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் என் கண்ணில் கோளாறு ஆரம்பித்தது. ரீட் வேலையில் கண்தான் பாதி. நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், ரிவெட் பக்கம் சுரண்டினால் இறங்கும். எந்த இடத்தில் கை ஒரு இழுப்பு அதிகமானாலும் ரீட் வீண். ஒரு வாடிக்கையாளர் தன் அப்பாவின் பழைய மரின் பேண்ட் மவுத் ஆர்கனைக் கொண்டுவந்தார், பேரிமர உடலும் ஆணியும் கொண்ட பழைய வகை. ரிவெட் பக்கம் அதிகமாகச் சுரண்டிவிட்டேன். சோதிக்க இழுத்தபோது என் வாயிலேயே ஒடிந்தது. அவர் கோபப்படவில்லை. உடைந்த துண்டைத் தாளில் மடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு சுரண்டும் வேலை புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காதால் சொல்வேன், "இன்னும் கொஞ்சம், போதும், நிறுத்து." முதல் சில மாதம் அவமானமாக இருந்தது. இந்தக் காலத்தில்தான் அந்த ஆல்பத்தை மறுபடி எடுத்தேன்.

இந்த முறை பாடுகிறவர்களை விட்டுவிட்டு காட்டனை மட்டும் தொடர்ந்தேன். 'மிசிசிப்பி மட்' பாட்டில் கெப் மோ ஒரு வரி முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் மவுத் ஆர்கன் நுழைகிறது. அடுத்த வரி வருவதற்குள் இடத்தைக் காலி செய்துவிடுகிறது. ரூத்தி ஃபாஸ்டரின் மெதுவான பாட்டில் அவர் குரலுக்கு அடியில் தாழ்ந்து நின்று, நீட்டி, விட்டுக்கொடுக்கிறது. கச்சேரியில் நல்ல வயலின் வித்வான் பாடகரின் நிரவலுக்குப் பதில் சொல்வார் இல்லையா, அந்த வேலை. பன்னிரண்டு வருடம் மடி வாட்டர்ஸ் பக்கத்தில் நின்று அவர் செய்ததும் இதைத்தானே! 'முடியாமல் போனவர்' என்று நான் நினைத்த மனிதர் தன் முதல் உத்தியோகத்துக்குத் திரும்பியிருக்கிறார், அதுவும் இளமையில் இருந்ததைவிட அதிகப் பொறுமையோடு. அந்தப் பழைய வேகமும் போகவில்லை. முதல் பாட்டில் இழுக்கும் இழுப்பைக் கேட்டால் நான்காம் துளை ரீட்டை நினைத்து எனக்குப் பயம் வருகிறது.

கடைசிப் பாட்டு 'பானி ப்ளூ'. அவர் பிறந்த தோட்டத்தின் பெயர் அது. காலின் லிண்டனின் கிட்டாரைத் தவிர வேறு துணை பெரிதாக இல்லை. குரல் சரளைக்கல்லில் இழுத்த மாதிரி இருக்கிறது. அதை அழகுபடுத்த யாரும் முயலவில்லை. அந்த இடத்தைப் பற்றி வேறு யாரும் பாடியிருக்க முடியாது என்பதால்தான் மிச்சமிருந்த குரலை அதற்கென்று வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான்கு வருடம் கழித்து, 2017 மார்ச்சில் டெக்சாஸின் ஆஸ்டினில் இறந்தார்.

போன வாரம் கடையில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஓர் ஏ சுருதிக் கருவியின் நான்காம் ரீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு, "இது யார் பாடுறது?" என்றாள். சொன்னேன். பாட்டு முடியும்வரை இருவரும் வேலையைத் தொடவில்லை. அப்புறம் அவள் கருவியை வாயில் வைத்து இழுத்துக் காட்டினாள். இன்னும் ஒரு மயிரிழை கீழே இருந்தது. "நுனியில ஒரே ஒரு இழுப்பு," என்றேன்.