கடல்ல வாழுற பாம்புக்கும் நல்ல தண்ணி வேணும்

அந்தமான் போன மாமா பையன் ஃபேமிலி குரூப்ல ஒரு வீடியோ போட்டிருந்தான். கடலோரப் பாறை இடுக்குல ஒரு பாம்பு, சாம்பல் நீல உடம்பு, வரிசையா கருப்புப் பட்டை, மேலுதடு மஞ்சளா இருக்கு. எங்க பென்னாகரம் பக்கத்துல தண்ணில கிடக்குற பாம்புன்னா தண்ணிப்பாம்புதான், ஒகேனக்கல் பரிசல்காரங்க அதையெல்லாம் கண்டுக்கவே மாட்டாங்க. அந்த நெனப்புல பெரியப்பா "வாலப் புடிச்சு தூக்கிப் போடுப்பா"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பிட்டார். டேய் தொடாதடான்னு நான் அவசரமா அடிச்சேன்.

அது சீ க்ரெய்ட், கடல் கட்டுவிரியன்னு வச்சுக்கலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன் எல்லாம் இருக்குற அதே எலாப்பிடே குடும்பம். மத்த கடல் பாம்புங்க தண்ணிக்குள்ளயே குட்டி போட்டு அங்கயே வாழ்ந்து முடிச்சிரும், கரைல தூக்கிப் போட்டா ஒழுங்கா ஊர்ந்து போகக்கூட முடியாது. இது அப்படி இல்ல, வயித்துச் செதில் அகலமா இருக்குறதால பாறை மேல நல்லாவே ஏறும், வால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டையா நீந்துறதுக்கு. வேட்டை கடல்ல, தின்னது செரிக்கறது, தோல் உரிக்கறது, ஜோடி சேர்றது, முட்டை போடறது எல்லாம் கரைல.

எனக்கு ரொம்பப் புடிச்சது இதோட தாகம்தான். நாக்குக்கு அடில உப்பை வெளியேத்துற சுரப்பி இருக்கு, சரி அப்ப கடல் தண்ணியே போதும்னுதான் ரொம்ப நாளா நெனச்சிருந்தாங்க. தைவான் பக்கம் ஆர்க்கிட் தீவுல இந்த வகைப் பாம்புங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணி 2008ல எழுதினாங்க, உடம்புல தண்ணி வத்திப் போன பாம்பக் கடல் தண்ணில விட்டா ஒரு சொட்டு குடிக்கல, நல்ல தண்ணியோ ரொம்ப நீர்த்த உப்புத் தண்ணியோ குடுத்தாதான் குடிச்சுது. அதனால ஓடை, ஊத்து இருக்குற கரையா பாத்துத்தான் நிறைய சேருது. ஃப்ளோரைடு தண்ணியால பல்லு கறை புடிச்ச ஜில்லாக்காரனுக்கு இது புரியாதா என்ன, சுத்தித் தண்ணி இருந்தும் குடிக்க ஆகலைன்னா அந்தக் கஷ்டமே வேற.

சாப்பாடு பெரும்பாலும் விலாங்கு மாதிரி நீளமா இருக்குற ஈல் மீனுங்கதான். பொட்டைப் பாம்பு பெருசு, ஒன்றரை மீட்டர் வரைக்கும் வளரும், அது பெரிய காங்கர் ஈலப் புடிக்கும், ஆண் சின்னது, மோரே ஈலோட நிறுத்திக்கும். முழுசா முழுங்கினதும் வயிறு உப்பிப் போய் வேகமா நீந்த முடியாது, அதான் கரைக்கு வந்து படுத்துக்குது. தலைய பொந்துக்குள்ள விட்டுத் தேடுறப்ப வால் வெளிய கிடக்குமே, அந்த வால் நுனியும் பாக்கத் தலை மாதிரியே இருக்கும், சுறா கிறா வந்தா ஏமாந்துரும்னு சொல்றாங்க.

விஷம் நரம்பைத் தாக்குறது, பயங்கரமானது. ஆனா பாம்பு சாது, சும்மா போனா கடிக்கறது ரொம்ப அபூர்வம். அதுக்காக கைல தூக்கி செல்ஃபி எடுக்கறவங்கள என்னன்னு சொல்றது. நம்ம ஆஸ்பத்திரில இருக்குற பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலு விஷத்த வச்சுத் தயாரிச்சது, கடல் பாம்பு அந்த லிஸ்ட்லயே இல்ல. இத குரூப்ல போட்டப்புறம் பெரியப்பா வாய்ஸ் நோட்ட டெலீட் பண்ணிட்டார்.