200 கேவிஏ-வை 120 ஆக்கிய கோப்பு

அரசு அலுவலகத்தில் செலவைக் குறை என்றால் பேப்பர், பேனா, கார் டீசல் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். எங்கள் பயிற்சி நிலையத்தில் பெரிய தொகை போய்க்கொண்டிருந்தது மின் கட்டணத்தில், அதிலும் நாங்கள் எடுக்கவே எடுக்காத கரண்டுக்கு. அதை நிறுத்த ஒரு கோப்பு நகர்த்தினேன். ஹெச்டி (உயர் மின்னழுத்த) இணைப்பு உள்ள அரசு அலுவலகங்கள் நிறைய இருப்பதால் யாருக்காவது உதவும்.

ஹெச்டி பில்லில் யூனிட் கட்டணம் தனி, டிமாண்ட் கட்டணம் தனி. டிமாண்ட் என்பது ஒரே நேரத்தில் நாம் இழுக்கும் சுமை, அதன் அளவுதான் கேவிஏ. இத்தனை கேவிஏ வரை எடுத்துக்கொள்வோம் என்று மின்வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டிருப்போம். மீட்டரில் அந்த மாதம் பதிவான உச்ச டிமாண்ட் ஒன்று, ஒப்பந்த அளவில் 90 சதவீதம் இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். எங்கள் ஒப்பந்தம் 200 கேவிஏ. பெட்டி மானிட்டர், சோடியம் விளக்கு, விடுதி வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு, கட்டடம் எழும்பியபோது வாங்கியது. இன்று விளக்கெல்லாம் எல்இடி, விடுதி மாடியில் சோலார் ஹீட்டர். மீட்டர் 95-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் பில் வருவது 180-க்கு.

கேவிஏ-வுக்கு 350 ரூபாய் இருந்தவரை இது மாதம் 63,000 ரூபாய். யார் கண்ணையும் உறுத்தவில்லை. 2022 செப்டம்பரில் கட்டணம் 550 ஆனது. டிமாண்ட் கட்டணம் மட்டும் 99,000. டிரெஷரிக்குப் பில் போடுவது என் இருக்கை என்பதால் அந்த மாதம்தான் பில்லை முழுசாக உட்கார்ந்து படித்தேன். 120-க்குக் குறைத்தால் 90 சதவீதம் 108 கேவிஏ, 59,400 ரூபாய். மாதம் 39,600 மிச்சம். எதையும் அணைக்க வேண்டாம், யாரையும் வியர்க்க விட வேண்டாம்; ஒரு கடிதம் போதும்.

மின்வாரியப் பொறியாளரைப் போனில் கேட்டேன். "லெட்டர் குடுங்க மேடம், குறைச்சுக்கலாம். பின்னால கூட்டணும்னா அதுக்கு உண்டான சார்ஜ் கட்டணும், அதை மட்டும் யோசிச்சுக்குங்க" என்றார். அந்தப் பக்கம் அவ்வளவுதான். வேலை எல்லாம் எங்கள் பக்கம்.

கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, பில் வருது, கட்டுறோம். யாராவது கேட்டாங்களா?" என்றார். இல்லை சார் என்றேன். "நீ 120 ஆக்கிட்டு, ஒரு மாசம் 130 போயிடுச்சுன்னா? அப்ப கேப்பாங்க."

அவர் சோம்பேறி இல்லை. அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஒப்பந்தத்தைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு இரட்டிப்புக் கட்டணம். 10 கேவிஏ தாண்டினால் 11,000 ரூபாய். அது பில்லில் தனி வரியாக வரும், ஆடிட் பென்சிலில் வட்டம் போடும், தவிர்த்திருக்கக்கூடிய செலவு என்று பாரா எழுதும், பதில் சொல்லி முடிக்கும்வரை ஓய்வு பெறுகிறவரின் பென்ஷன் கோப்பைக்கூட அது துரத்தும். மாதா மாதம் வீணாகும் 39,600-க்குத் தனி வரி கிடையாது. அது 'மின் கட்டணம்' என்ற கௌரவமான பெயரில் ஒழுங்காகப் பாஸாகிவிடும். வருஷத்தில் ஒரு மாதம் தாண்டினாலும் அரசுக்கு லாபம்தான்; கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் நஷ்டம்.

குறிப்பில் நிதி விதியை எழுதிப் பார்த்தேன். சொந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது சாதாரண விவேகமுள்ள ஒருவர் காட்டும் அதே கவனத்தை அரசுப் பணத்திலும் காட்ட வேண்டும் என்பது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் இது 21-வது விதி; தமிழ்நாட்டிலும் அக்கவுண்ட் டெஸ்ட் என்ற துறைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் நிலைய முதல்வரிடமிருந்து கோப்பு பச்சை மையில் 'பேசவும்' என்று திரும்பி வந்தது. பேசினேன். விதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பொதுப்பணித்துறை மின்பிரிவு என்ன சொல்லுது?" என்றுதான் கேட்டார்.

கோப்பு நகர்ந்தது அந்த இடத்தில்தான். மின்பிரிவிலிருந்து இளநிலைப் பொறியாளர் வந்து ஜெனரேட்டர் அறை, விடுதி மோட்டார், கணினிக் கூடம் என்று ஒவ்வொன்றாகச் சுமையைக் குறித்துக்கொண்டார். எங்கள் பழைய பில்களில் இருந்த உச்ச டிமாண்டை மாதவாரியாக அட்டவணை போட்டுக் கொடுத்தேன். 110 போதும் என்றவர், கடிதத்தில் 120 என்று பரிந்துரைத்தார். இடைவெளி விட்டதும் நல்லதுதான். கோடையில் எல்லா ஏசியும் ஓடும் தேர்வு நாட்களும் உண்டு. முடிவு ஒருவர் தலையில் இல்லை என்றானதும் கையெழுத்துகள் மளமளவென்று விழுந்தன. பிறகு மின்வாரிய மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்துக்கு விண்ணப்பம், திருத்திய ஒப்பந்தம். எழுத வேறொன்றும் இல்லை.

மிச்சம் வர ஆரம்பித்ததும் எனக்கு இன்னொரு யோசனை. மோட்டார் அறையில் கெபாசிட்டர் பேனல் பாதி செத்துக் கிடந்தது. அதைச் சரிசெய்தால் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) ஏறும், அதே வேலைக்குக் கேவிஏ இன்னும் இறங்கும். பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் வரும் அபராதத்துக்கும் பயப்பட வேண்டாம். மதிப்பீடு வாங்கினோம், ஒன்றரை மாத மிச்சத்தில் முடிகிற வேலை. ஆனால் பட்ஜெட்டில் மின் கட்டணத் தலைப்பில் மிஞ்சிய பணத்தைப் பராமரிப்புத் தலைப்புக்கு நாங்களாக மாற்ற முடியாது. எழுதிக் கேட்டதற்கு 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்று பதில். மிஞ்சியதை இறுதித் திருத்திய மதிப்பீட்டில் காட்டி அரசுக்கே சரண்டர் செய்தோம். அடுத்த வருஷ பட்ஜெட் மதிப்பீட்டில் செலவு குறைந்திருப்பதைப் பார்த்து ஒதுக்கீட்டையும் குறைத்துவிட்டார்கள். அது நியாயம்தான், பணம் வேறு துறைக்குப் போகட்டும். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர், "பாத்தீங்களா, மார்ச்சுக்குள்ள செலவழிச்சுடணும்னு சொல்றது எதுக்குன்னு" என்று சிரித்தபோது என்னிடம் பதில் இல்லை.

சுதந்திர தினத்தில் கலெக்டர் கையால் நற்சான்றிதழ் கொடுப்பார்கள். சிக்கனமாக இருப்பவர்களுக்கும் அதைக் கொடுத்தால் ஊக்கம் வரும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். எனக்குச் சான்றிதழ் வேண்டாம். மிச்சத்தில் கால் பங்கை, அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டும், அதே அலுவலகம் மேற்கொண்டு செலவைக் குறைக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளட்டும். ஆடிட்டும் வந்த பில்லைச் சரிபார்ப்பதோடு நிற்காமல், ஒப்பந்த அளவையும் பதிவான அளவையும் பக்கத்தில் வைத்து, ஏன் குறைக்கவில்லை என்று ஒரு கேள்வி கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி வந்தால் எங்கள் கண்காணிப்பாளரே என்னை முந்திக்கொண்டு நோட் போடுவார்.

போன மாதம் எங்கள் துறையிலேயே வேறு மாவட்டத்திலிருந்து ஒரு உதவியாளர் போன் செய்தார். அவர்கள் ஒப்பந்தம் 250, பதிவு 120-க்குக் கீழே. கட்டணமும் 550-லிருந்து மேலே ஏறியிருக்கிறது. அவர் கேட்டது கணக்கு இல்லை, "அக்கா, முன்மாதிரி இருக்கா?" என்றுதான். மின்பிரிவின் பரிந்துரைக் கடிதம், மாதவாரி அட்டவணை, திருத்திய ஒப்பந்தம், குறைந்த முதல் பில், நான்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 'பேசவும்' என்று திரும்பி வந்த பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.