பன்றிச் சிறுநீரகமும் ஒரு கையெழுத்தும்

பன்றியின் உறுப்பை மனிதருக்குப் பொருத்தினார்கள் என்று செய்தி வந்தால், கொழும்பில் வெள்ளவத்தையிலும் சரி, மாளிகாவத்தையிலும் சரி, முதலில் வருவது "பன்றியா?" என்ற கேள்விதான். எனக்கு அது பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. பன்றியின் இதய வால்வுகளைப் பல காலமாகவே மனிதருக்கு வைக்கிறார்கள். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகும் என்பது இஸ்லாத்தில் உள்ளதுதான்; 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலண்டில் மரபணு மாற்றிய பன்றி இதயத்தை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்திய குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவரான முஹம்மத் மொஹியுத்தீனும் ஒரு முஸ்லிம்.

பன்றியின் கலங்களின் மேல் ஆல்ஃபா-கால் என்றொரு சர்க்கரை உண்டு. அதற்கு எதிரான பிறபொருளெதிரிகள் (அந்நியப் பொருளைத் தாக்கும் புரதங்கள்) நம் இரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதால், மாற்றம் செய்யாத உறுப்பு சில மணித்தியாலங்களுக்குள்ளேயே அழிந்துவிடும். அதனால்தான் அந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவை முடக்கி, சில மனித மரபணுக்களையும் சேர்க்கிறார்கள். மேரிலண்ட் பன்றியில் 10 மாற்றங்கள். 2024 மார்ச்சில் பொஸ்டனில் பொருத்திய சிறுநீரகத்தில் 69. அதில் 59 பன்றியின் மரபணுக்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வைரசுகளை முடக்க மட்டும்.

வைரஸ் பயம் சும்மா வந்ததில்லை. மேரிலண்ட் நோயாளி இரண்டு மாதம்தான் வாழ்ந்தார், பன்றியை முன்கூட்டியே சோதித்திருந்தும் அந்த இதயத்தில் பன்றிகளுக்குரிய ஒரு வைரஸ் இருந்தது பிறகுதான் தெரிந்தது. புதுக் கிருமி ஒன்று மற்றவர்களுக்கும் பரவிவிடலாம் என்பதால், இப்படி உறுப்புப் பெற்றவரை ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள், அவர் இரத்ததானம் செய்யக்கூடாது, அவருடைய வாழ்க்கைத் துணையும் செய்யக்கூடாது. மற்ற மருத்துவ ஆய்வுகளில் "போதும், நான் விலகுகிறேன்" என்று எப்போதும் சொல்லலாம். இதில் அந்த வழி இல்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்தே வைக்காத மனைவியும் உள்ளே வந்துவிடுகிறார்.

இப்போது இலங்கையின் வடமத்தியில் மதவாச்சி, பதவியா பக்கத்து விவசாயியை நினைத்துப் பாருங்கள். காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய், கிழமைக்கு இரண்டு மூன்று தரம் டயலிசிஸ், வேலைக்குப் போக ஏலாது, சொந்தத்தில் பொருந்துகிற ஆளும் இல்லை. அவரிடம் எந்தப் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்து வைப்பார். அதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சிகிச்சை இங்கேயும் வரவேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். வந்தால், கடனுக்காகத் தன் சிறுநீரகத்தை இரகசியமாக விற்கும் இன்னொரு ஏழைக்கு அந்த நிலைமை வராது. பன்றியின் பக்கமும் பேச இருக்கிறது: கிருமி படாமல் மூடிய கட்டடத்துக்குள் வளர்க்கிறார்கள், அது சேற்றையே காணாது. அது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் இறைச்சிக்கு அறுப்பதை ஏற்றுக்கொண்டு இதை மட்டும் எதிர்க்க என்னால் முடியவில்லை.

ஆனால் முதல் பரிசோதனை இங்கே வருவதற்கு முன்னமே சில விஷயங்கள் முடிவாக வேண்டும். படிவம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கவேண்டும். சத்திரசிகிச்சைக் குழுவோடு சம்பந்தமில்லாத வைத்தியர் ஒருவர் நோயாளியோடும் வீட்டாரோடும் இருந்து விளக்கவேண்டும். அப்புறம், வாழ்நாள் முழுக்க எடுக்கவேண்டிய மருந்துக்கு யார் காசு கட்டுவது என்று எழுத்தில் இருக்கவேண்டும்.