கரண்ட் போனால் பிரஷர் ஏறும்

போன சனிக்கிழமை டெக்சாஸ் பியர்லேண்ட் மீனாட்சி கோவில் பார்க்கிங்கில் என் மானம் போனது. கியர் பாக்ஸ் ரீபில்ட் ஆகி வந்த நம் டிரக்குக்குப் பூசை. நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம். குருக்கள் கற்பூரம் காட்டி முடித்து, "ஏத்திடுங்கோ" என்றார். ஆட்டோமேட்டிக் வண்டி, கியரை டி-யில் (டிரைவ்) போட்டு பிரேக்கை விட்டேன். வண்டி அசையவில்லை. குருக்கள் என்னைப் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். மாமா கோபுரத்தைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் கழித்து, பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி "டொக்" என்று பாய்ந்தது. மூன்று பழம் நசுங்கின. நான்காவது தெறித்து உருண்டு யாரோ ஒருவர் காருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "அது இருக்கட்டும்" என்று குருக்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அத்தை விடவில்லை. சுகர்லேண்டில் வீடு வந்து சேரும்வரை அந்த நாலாவது பழத்தைப் பற்றியே பேச்சு.

ரீபில்ட் செய்த கடைக்கு போன் போட்டேன். 3,000 டாலர் வாங்கிய வாய் சொன்னது: "புதுசா செஞ்சது, 500 மைல் ஓட்டுங்க, செட் ஆகிடும்." செருப்பு கடிக்கிறது என்றால் கடைக்காரர் சொல்வாரே, அதே பதில். ஒரு வித்தியாசம், செருப்பு கடித்தால் கால்தான் போகும்.

மாமா என்றால் என் மாமனார். பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம். போன மாதம் வந்து இறங்கியதும் இந்த டிரக்கின் கதவைத் திறந்து கீழே குனிந்து பார்த்தவர், "மூணாவது பெடலை எங்க கழட்டி வச்சீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டார். கிளட்ச் மிதிக்காமல் ஓடுகிற வண்டியை அவர் வண்டியாகவே எண்ணவில்லை. வாஷிங் மெஷின் வகையில் சேர்த்துவிட்டார்.

அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன். நம்முடையது ஃபோர்-எல்-சிக்ஸ்டி-இ என்கிற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். உள்ளே பம்ப் ஒன்று, அடித்தட்டில் இருக்கிற ஆயிலை ஃபில்டர் வழியாக உறிஞ்சி அழுத்தத்தோடு அனுப்பும். அந்த அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. அது குறைந்தால் பிடிமானம் தாமதமாகும், வழுக்கும், தட்டு கருகும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு சின்ன சோலினாய்டு, அதாவது கரண்டில் இயங்குகிற வால்வு. நான் மென்பொருள் ஆள். எனக்கு உலகத்தில் எல்லாக் கோளாறும் வயரில்தான் தெரியும். இரவு பதினொன்றரைக்கே சோலினாய்டை ஆர்டர் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் 300 பிஎஸ்ஐ வரை அழுத்தம் காட்டுகிற கேஜ் ஒன்று வாங்கி வந்து, டிரைவர் பக்கம் கியர் பாக்ஸ் உடம்பில் இருக்கிற சின்ன பிளக்கைக் கழற்றி மாட்டினேன். கேஜைத் தானே பிடிப்பேன் என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்திவிட்டார். பார்க்கில், ஐடிலில், 55-லிருந்து 65 காட்ட வேண்டும். 40 காட்டியது. அதுவும் நிலையாக இல்லை. குளிர்காய்ச்சல்காரன் கையில் கொடுத்த டம்ளர் மாதிரி முள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"எனக்கே 150 இருக்கு. இம்மாம் பெரிய வண்டிக்கு 40-ஆ?" என்றார் மாமா. மாத்திரை போட்டாரா என்று உள்ளேயிருந்து உடனே ஒரு குரல் வந்தது. அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டியிருந்தது.

அடுத்த சோதனை, கியர் பாக்ஸுக்குப் போகிற வயர் கனெக்டரைப் பிடுங்குவது. இந்த சோலினாய்டு ஒரு தலைகீழ்ப் பிறவி. ஒரு ஆம்பியர் போல கரண்ட் பாய்ந்தால் அழுத்தம் குறைவாக இருக்கும். கரண்டே இல்லையென்றால் உச்சத்துக்கு ஏறும், 155-க்கும் மேலே. வயர் அறுந்தாலும் கிளட்ச் கருகக் கூடாது என்று யோசித்து அப்படி வைத்திருக்கிறார்கள். இதை மாமாவுக்கு நான் பயபக்தியோடு விளக்கினேன்.

"கரண்ட் போனா பிரஷர் ஏறுமா? இதுல என்ன அதிசயம், எங்க தெருவுலயும் அப்படித்தானே" என்றார்.

பிடுங்கினோம். 1,500 ஆர்பிஎம்மில் வைத்தும் முள் 100-ஐத் தாண்டவில்லை, நடுக்கமும் நிற்கவில்லை. ஆக சோலினாய்டு பெரும்பாலும் நிரபராதி. வயரும் நிரபராதி. நான் ஆர்டர் செய்தது மட்டும் ஏதோ ஒரு லாரியில் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, கியர் பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவினேன். இஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும் என்றதும் மாமாவுக்குக் கோபம் வந்தது, யார் இப்படி முறை வைத்தது என்று. ஆனால் குச்சியைக் கையில் வாங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. சிவப்பு ஆயில், மேலே பொடிப்பொடியாக நுரை. ரசம் இறக்குகிற பதம். குச்சியை வெயிலில் சாய்த்துப் பிடித்து, ஒரு குமிழி உடைவதைப் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் கீழே குனிந்து, நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையைக் கியர் பாக்ஸில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வெறும் "ங்ங்ங்" என்றுதான் கேட்டது.

"காத்து இழுக்குது மாப்பிள்ளை."

இதைத் தொடர்ந்து அந்த மலைப்பாதை கதை வந்தே தீரும் என்று எனக்குத் தெரியும். டீசல் லைனில் ஒரு வாஷர் விரிசல் விட்டு, காற்று புகுந்து ஏர் லாக் ஆகி, நடுராத்திரியில் பஸ் நின்றது. என் கல்யாணத்தன்று முதல்முறை கேட்டபோது நாற்பது பயணிகள். இப்போது எழுபத்திரண்டு, ஒரு ஆடு, ஒரு மாப்பிள்ளை வீட்டார். சிகரெட் பெட்டி அட்டையை வெட்டி வாஷராக வைத்து வண்டியை ஊர் சேர்த்தார். கதை எப்படி வளர்ந்தாலும் அந்த அட்டை மட்டும் மாறுவதில்லை, அதனால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

நாமே கழற்றினால் வாரண்டி போய்விடும் என்றாள் வீட்டுக்காரி. சரியாகத்தான் சொன்னாள். போய்விட்டது.

அடித்தட்டில் வடிகால் பிளக் கிடையாது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக நெகிழ்த்தும்போது ஒரு மூலை சாய்ந்து, வைத்த டப்பாவைத் தவிர எல்லா இடத்திலும் ஆயில் கொட்டியது. ஃபில்டரை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டிய சாமான் அது. அதன் கழுத்தைப் பிடிக்கிற சீல் பம்ப் துளையில் கோணலாக இருந்தது, ஓரம் கொழுக்கட்டை பிரிந்த மாதிரி கிழிந்து. பம்ப் ஆயிலோடு சேர்த்துக் காற்றையும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. 3,000 டாலர் வேலையில் ஒரு காபி விலைச் சாமானை நேராக அடிக்க ஒருவருக்குப் பொறுமையில்லை.

புது சீலை மாமாதான் இறக்கினார். சரியான அளவில் ஒரு சாக்கெட்டை அதன்மேல் வைத்து, பிள்ளையாருக்குக் குட்டிக்கொள்கிற மாதிரி சின்னச் சின்னத் தட்டாக. ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். 62. முள் அசையவில்லை. டி-யில் போட்டேன். "ஒண்..." என்று மாமா ஆரம்பித்தார், "ணு" வருவதற்குள் வண்டி பிடித்துவிட்டது. வாஷிங் மெஷினின் பானட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

பழைய சீலைத் துடைத்து, கோவில் விபூதிப் பொட்டலத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை விமானம். டீக்கடையில் காட்ட வேண்டுமாம். எழுபத்திரண்டு பயணிகளுக்கு இனி போட்டி வந்துவிட்டது.

வாசலில் கொட்டிய ஆயில் எதற்கும் போகவில்லை. சோப்பு, மண், பூனைக் கழிவுக்குப் போடுகிற மண் எல்லாம் போட்டாயிற்று. மறுநாள் விடிகாலையில் அத்தை வந்து நின்று அந்தச் சிவப்பைப் பார்த்தார். "செம்மண் இட்ட மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, சுற்றிலும் பெரிய புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டுவிட்டார்.

இன்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம். டிரைவ்வேயில் கறை, அனுமதியில்லாத ஓவியம், பத்து நாளில் அகற்றவும். போட்டோவும் இணைத்திருந்தார்கள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவை உற்றுப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கான்? புள்ளி தப்புன்னா?"