ஃபிரிட்ஜ் கதவில் பன்னிரண்டு புத்தகம்

ஜனவரி 1, சத்துவாச்சாரி

பட்டியல் போட்டாகிவிட்டது. மாதம் ஒன்று, ஆண்டுக்குப் பன்னிரண்டு. எல்லாமே இத்தனை வருஷம் "படிச்சிருக்கேனே" என்று வாய் கூசாமல் சொல்லி வந்தவை. பிரதாப முதலியார் சரித்திரம், சிலப்பதிகாரம், மணிமேகலை, குறுந்தொகை, அகல்விளக்கு, வில்லிபாரதம், பத்துப்பாட்டில் ஏதாவது ஒன்று என்று போகிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இதுல துவரம்பருப்பு எங்க?" என்றார்.

படிக்கும் இடம் காலை 7.10 பஸ். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிக் கணக்கு வேலை. ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு என்று நின்று நின்று போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பத்துப் பக்கம் ஓடும். உரை வைத்துக்கொண்டு படிக்கலாம், ஆனால் ஒரு வரியும் தாண்டக் கூடாது. இதுதான் சட்டம்.

ஜனவரி 12

பிரதாப முதலியார் முடிந்தது. 1879-இல் வந்த தமிழின் முதல் நாவல் என்றதும் கைகட்டிக்கொண்டு படிக்க வேண்டுமோ என்று பயந்திருந்தேன். மேல்விஷாரம் நிறுத்தத்தில் தனியாகச் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் ராஜாவாகி நாட்டை ஆள்கிறாள்; பிரதாபன் பாவம், பின்னாலேயே வருகிறான். வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். கோர்ட்டில் எத்தனை பொய்க் கதை கேட்டிருப்பாரோ, எல்லாம் உள்ளே இருக்கிறது.

பிப்ரவரி 8

சிலம்பில் முதல் இரண்டு காதைகள் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாவது அரங்கேற்று காதை. மாதவி ஆடப் போகிறாள் என்று ஆசையாக உட்கார்ந்தால், முதலில் மேடை கட்டுகிறார்கள். இருபத்து நான்கு விரல் ஒரு கோல்; ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கணக்குப் பிள்ளைக்கு அதுகூடப் பிடித்திருந்தது. அப்புறம் யாழும் நரம்பும் பண்ணும் வந்தன. உரையைப் படித்தால் உரைக்கு ஓர் உரை வேண்டியிருந்தது.

பிப்ரவரி 27

அதே பக்கம். அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டில் எழுத்தே அழிந்துவிட்டது.

மார்ச் 30

ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஏப்ரல் 17

சிலம்பை மூடி வைத்துவிட்டு அகல்விளக்கு எடுத்தேன். மு.வ.வுக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கித் தந்த நாவல். உபதேசம் கொஞ்சம் தூக்கல்தான். சந்திரன் கெட்டுப்போகப் போகிறான் என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது; ஆசிரியருக்குத்தான் நாம் கவனிக்கவில்லையோ என்று சந்தேகம். ஆனால் கதை நடப்பது வாலாசாவில், பாலாற்றங்கரையில். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது பஸ் ஆற்காடு பாலத்தில் ஏறியது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மணல், சீமைக்கருவேலம், நடுவில் மாடு ஓட்டும் ஒரு பையன். புத்தகத்தை மூடிவிட்டுப் பாலம் முடியும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.

மே 19, அம்மா ஊர்

திரௌபதியம்மன் கோயிலில் பாரதம். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில்லிபாரதத்தை இந்த மாதத்துக்கு வைத்துக்கொண்டது இதற்காகத்தான். நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு. நான் தாண்டியது முந்நூறு இருக்கும். புத்தகத்தோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன், பரீட்சைக்கு வந்தவள் மாதிரி. பிரசங்கியார் ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைத்து விருத்தத்தை எடுத்ததும் பக்கத்தைத் தேடினேன். நான் தேடி முடிப்பதற்குள் பக்கத்தில் என் ஆயா, பாட்டிதான், அடுத்த வரியை முணுமுணுத்தாள். ஆயாவுக்குக் கையெழுத்துகூடப் போட வராது.

ராத்திரி கூத்து. துகிலுரிதல். துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டார். அது ஆட்டத்தில் சேர்த்தியா, அவருடைய சொந்தப் பயமா, தெரியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எனக்குக் கண் சொக்கியது. விழித்துக்கொண்டு, "ஆயா, இன்னா ஆச்சு? எவ்ளோ போயிடுச்சு?" என்று பதறினேன்.

"எதுக்கும்மே பதர்ற? முழுக் கூத்தும் யாரு கண்ணு முழிச்சிப் பாக்குறாங்க? தூங்கி எழுந்து பாரு, கதை அங்கியேதான் கீது."

மே 20

காலையில் ஆயா கேட்டாள், "போத்துராசா கதை உன் புக்குல எந்தப் பக்கம்?" கோயிலில் அம்மனுக்கு முன்னால் காவல் நிற்கிறாரே, அவர். வில்லியில் அவர் இல்லை என்றேன். ஆயா புத்தகத்தை வாங்கி, கனத்தைக் கையால் நிறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப பாதிதான் எழுதிகீறாங்க."

ஜூலை 21

கண்புரை ஆபரேஷனுக்காக ஆயா எங்கள் வீட்டில். கண்ணில் கட்டு. டிவி பார்க்கக் கூடாது என்பதால் என் புத்தகத்துக்கு யோகம் வந்தது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் எடுத்திருந்தேன், 583 அடி. நம் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கி வந்த கூத்தன், வழியில் பார்த்த இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பாட்டின் பெரும்பகுதி இதுதான்! பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போங்கள். பாம்பு பதுங்கும் குழி உண்டு. தினைப்புனக் காவல்காரர் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் போங்கள்.

வரி வரியாகப் படித்து, வாய்க்கு வந்தபடி பொருள் சொன்னேன். கவண் வந்ததும் ஆயா நிறுத்தினாள். அவளுடைய தாத்தா கொல்லையில் பரண் கட்டி, கவண் வைத்துக்கொண்டு காவல் இருந்தவராம். கல் போகும் சத்தத்தை உதட்டால் செய்து காட்டினாள். உரையில் அது இல்லை.

காட்டாற்று மடு ஒன்று வருகிறது. வழுக்கும் இடம், முதலை வேறு தூங்குகிறது. செம்மறி போன்ற தலையுள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, "ஒருவிர் ஒருவிர் ஓம்பினர் கழிமின்" என்கிறான் கூத்தன். முதலைக்கு அங்கே கராம் என்று பெயர். ஆயாவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. நேற்று பைபாஸைத் தாண்டும்போது என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "நில்லு, கராம் வருது" என்றாள். டிப்பர் லாரி.

செப்டம்பர் 15

செங்கம் போய் வந்தோம், தம்பி காரில். கண்ணமங்கலம், போளூர், அங்கிருந்து செங்கம் சாலை. பர்வதமலை தெரிந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பாட்டில் வரும் நவிரம் இதுதான் என்கிறார்கள். நஞ்சுண்ட கடவுள் அங்கே இருப்பதாகப் புலவர் சொல்கிறார், இப்போதும் உச்சியில் மல்லிகார்ஜுனர். ஆயா காரிலிருந்தே கும்பிட்டாள்.

சேயாற்றில் நீர்க்குமிழி குயவன் சக்கரம்போல் சுழலும் என்று பாட்டில் உண்டு. அதுதான் இப்போதைய செய்யாறு; அதில் இன்றைக்குக் கணுக்கால் தண்ணீர். கணுக்கால் என்றாலும் தண்ணீர் தண்ணீர்தானே, இறங்கி நின்றோம். நன்னன் ஊர்த் தெரு ஆறுபோல் அகலமாகக் கிடக்கும் என்கிறது பாட்டு. நாங்கள் போன தெருவில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் முக்கால் மணி நேரம் நின்றோம். தம்பிக்குக் கோபம். ஆயா கண்ணாடியை இறக்கி, கடைக்காரரிடம் வேறு வழி கேட்டாள். அவர் கடையை விட்டு இறங்கி வந்தே சொன்னார்: இடது கையில் திரும்பு, வேப்பமரம் வரும், அங்கே பள்ளம், ராத்திரின்னா போவாதே. நான் சிரித்தது எதற்கென்று தம்பிக்குப் புரியவில்லை.

நவம்பர் 9

குறுந்தொகையில் தினம் ஒன்று. மணிமேகலை தொடவில்லை.

டிசம்பர் 28

ஃபிரிட்ஜ் கதவில் பன்னிரண்டில் மூன்றுக்குத்தான் டிக். குறுந்தொகை பாதி. வில்லிபாரதம் சபா பருவம் வரை. பட்டியல் ஓரத்தில் யாரோ "து.பருப்பு 1 கிலோ" என்று எழுதியிருக்கிறார்கள்.

சிலம்பை எடுத்தேன். பிப்ரவரி டிக்கெட் அரங்கேற்று காதையில் அப்படியே இருந்தது. அதை உருவி நான்கு காதைகள் தள்ளிச் செருகினேன். நாளை 7.10-க்கு கானல்வரி.