மூன்றாம் இடத்தில் இருந்த கோடு

திருகோணமலை உயர்தர மாணவர்களுக்காகக் கடந்தகால வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் ஆசிரியர்கள் சிலர் திரட்டி வெளியிடும் இணையத்தளத்தை உப்புவெளியில் உள்ள வீட்டிலிருந்து நான் பராமரித்து வருகிறேன். மூதூரில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், "தம்பி, பதிவு செய்த பிள்ளைகள் உண்மையில் வந்து படிக்கிறார்களா?" என்று கேட்டபோது, தளத்தை இயக்கும் கணினியான சேர்வரில் வருகைகள் வரிவரியாகப் பதிவாகும் லொக் கோப்பைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் விடை சொல்லிவிடலாம் என்று நம்பினேன்.

எங்கள் சேர்வர் மென்பொருளான அப்பாச்சி அந்தக் கோப்பில் எழுதும் ஒவ்வொரு வரியிலும் முதலில், வருபவரின் இணைய இணைப்பைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரியும், மூன்றாவதாகப் பயனர் பெயரும் வரும். எங்கள் கோப்பிலோ அந்த மூன்றாம் இடத்தில் வரிக்கு வரி வெறும் கோடுதான் இருந்தது. சேர்வரே கடவுச்சொல் கேட்டு உள்ளே விடும் தளங்களில் மட்டுமே அந்த இடம் நிரம்பும். எங்கள் தளத்தைப்போல் படிவத்தில் உள்நுழைந்து, உலாவியில் சேமிக்கப்படும் குக்கி என்ற சிறு தரவால் அடையாளம் காணப்படும் பயனரை அப்பாச்சி அறியாது. ஐபி முகவரியைக் கொண்டு எண்ணிப் பார்த்தேன். கைத்தொலைபேசி வலையமைப்பில் பலர் ஒரே முகவரியின் பின்னால் வருவதால், கிண்ணியாவில் ஒருவரும் நிலாவெளியில் ஒருவரும் ஒரே ஆளாகத் தெரியக்கூடும் என்பதை உணர்ந்து அதையும் கைவிட்டேன்.

குக்கியை அப்படியே லொக்கில் எழுதச் செய்வது எளிய வழி. ஆனால் குக்கியில் இருக்கும், உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் செஷன் எண் ஒரு திறப்பைப் போன்றது. கோப்பைப் பார்க்கும் எவரும் அதைக்கொண்டு பிள்ளையின் கணக்கிற்குள் நுழைந்துவிடலாம். ஆகவே, உள்நுழைந்தவரின் பதிவு எண்ணை மட்டும் எங்கள் பிஎச்பி நிரலே அப்பாச்சியிடம் ஒரு குறிப்பாகக் கொடுக்கவும், லொக் வடிவத்தில் அந்தக் குறிப்பு இடம்பெறவும் ஏற்பாடு செய்தேன். பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. இவ்வாறு பதிவாகிறது என்பதை மாணவர்களுக்கும் அறிவித்தோம். பிள்ளைகளின் தரவில் அந்த நேர்மையாவது வேண்டும். பழைய வருகைகளை மீட்க வழியில்லை, ஏனெனில் உபுண்டு இயங்குதளத்தில் ஓடும் எங்கள் சேர்வர் 14 நாளுக்குரிய கோப்புகளையே வைத்திருந்தது.

அதன் பிறகும் எண்ணிக்கை பிழைத்தது. ஒரு பக்கத்தைத் திறந்தாலே படங்களும், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் பாணிக் கோப்புகளும் தனித்தனி வரிகளாகின்றன. அவற்றை நீக்கி, 30 நிமிட இடைவெளிக்குப் பின் வருவதை மட்டுமே புதிய வருகையாகக் கொண்டேன். பிறகு நேரம். ஒரு வரியில் 22:41:07 +0000 என்று, அதாவது உலகப் பொது நேரத்தில், இருந்தது. இலங்கை நேரப்படி அது மறுநாள் அதிகாலை 4 மணி 11 நிமிடம். விடியுமுன் எழுந்து படிக்கும் பிள்ளைகளின் வருகை முழுவதையும் நான் முந்திய நாளின் கணக்கில் சேர்த்திருந்தேன். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டியதும் நாட்கணக்கு சரியானது.

ஒருமுறை வந்து மீண்டும் வராதவர்களின் பதிவு எண்களை ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். பலர் கடவுச்சொல்லை மறந்திருந்தார்கள். அதை மாற்றும் இணைப்பு மூன்று பக்கங்களுக்கு உள்ளே இருந்தது. அன்றிரவே முதற்பக்கத்தில் வைத்தேன்.